சுட்டியின் சண்டித்தனம்

வீட்டில் ஒரு சாமான் கெட்டுப் போனால் முதலில் கெட்ட பெயர் யாருக்கு வருகிறது? சாமானுக்கு அல்ல; அதைக் கடைசியாகத் தொட்டவருக்குத்தான்! மிக்ஸி நின்று போனால், "அப்படி என்னத்தைப் போட்டு அரைத்தாய்?" என்கிறார்கள். குக்கரில் விசில் வராவிட்டால், "மூடியைச் சரியாகப் போட்டாயா?" என்கிறார்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் இது இன்னும் கொஞ்சம் அதிகம். திரையில் அம்பு தாறுமாறாகத் துள்ளினால், "மவுஸில் ஏதாவது கோளாறு இருக்குமோ?" என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. "உனக்கு மவுஸ் பிடிக்கவே தெரியவில்லை" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள்.

சகோதரி ஒருவரின் கடிதம் இந்த வாரம் என் மேஜை மீது இருக்கிறது. அவருக்கு வயது 48. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு, கணக்கு வேலை கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். கையில் நாலு காசு புரளுகிறது. மனசுக்கும் தெம்பாக இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. "ஒரு தரம் தட்டினால் இரண்டு தரம் தட்டியது போல் ஆகி விடுகிறது. ஒரு மாதக் கணக்கு முழுவதும் இருந்த ஃபோல்டர் திடீரென்று காணாமல் போய் விட்டது. எனக்குக் கை நடுங்குகிறது என்கிறார்கள் வீட்டில். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்றும் சொல்கிறார்கள். வேலையை விட்டு விடட்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா, வேண்டவே வேண்டாம்! ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் மவுஸைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம். இதற்குத் தமிழில் 'சுட்டி' என்று பெயர் வைத்தவர் யாரோ, ரொம்பப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார். சுட்டிக் காட்டுவதாலும் சுட்டி. சுட்டித்தனம் செய்வதாலும் சுட்டி!

மரப்பெட்டியிலிருந்து காமிராவுக்கு

இந்தச் சாதனத்துக்கு வயது அறுபதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் இதற்கு யோசனை சொன்னார். உடன் வேலை செய்த பில் இங்கிலீஷ் 1964-ல் அதைச் செய்து கொடுத்தார். அது ஒரு சிறு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள்; மேலே ஒரே ஒரு பொத்தான்; பின்னால் வால் போல ஒரு வயர். 1968 டிசம்பர் 9-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் பெரிய சபையில் எங்கெல்பார்ட் அதை இயக்கிக் காட்டினார்.

பிறகு சக்கரம் போய்க் குண்டு வந்தது. அந்தக் குண்டு மவுஸை உபயோகித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: மாதம் ஒரு முறை குண்டை வெளியே எடுத்து, உள்ளேயிருக்கும் உருளைகளில் சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்ட வேண்டும். அதுவும் இப்போது போய் விட்டது. இன்றைய மவுஸைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சிறு துவாரம்தான் தெரியும். அதற்குள் ஒரு விளக்கும், குட்டிக் காமிரா ஒன்றும் இருக்கின்றன. விளக்கு மேஜையில் வெளிச்சம் போடும். காமிரா மேஜையைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். 1999-ல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி கொண்டு வந்த மவுஸே விநாடிக்கு 1500 படம் எடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மேஜையிலுள்ள புள்ளிகளும் கோடுகளும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று கணக்குப் போட்டுத்தான், கை எந்தப் பக்கம் போகிறது என்று மவுஸ் தெரிந்துகொள்கிறது.

ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே மரமும் வயலும் ஓடுவதைப் பார்த்துத்தானே வண்டி நகருகிறது என்கிறோம்? வெளியே ஒரே மூடுபனியாக இருந்தால் ஒன்றும் புரியாது அல்லவா? மவுஸின் கதையும் அதுதான். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால், பாதிக் கோளாறுகளை நீங்களே கண்டுபிடித்து விடலாம்.

ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று

விசாரணைக்கு ஒரே ஒரு விதி உண்டு. சாம்பாரில் ருசி குறைகிறது என்று உப்பு, புளி, பெருங்காயம் மூன்றையும் சேர்த்துப் போட்டால், எது குறைந்திருந்தது என்று கடைசி வரை தெரியாது. மவுஸ் விஷயத்திலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

முதலில் ஆளை மாற்றுங்கள். அதாவது, உங்கள் மவுஸை வீட்டிலுள்ள வேறொரு கம்ப்யூட்டரில் சொருகிப் பாருங்கள். அங்கேயும் அதே சண்டித்தனம் என்றால் குற்றவாளி மவுஸ்தான். அங்கே சாதுவாக இருந்தால் உங்கள் கம்ப்யூட்டர் மீது சந்தேகம் வைக்கலாம். வேறு கம்ப்யூட்டர் இல்லாதவர்கள், அடுத்த வீட்டு மவுஸை அரை மணி நேரம் இரவல் வாங்கிப் பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால், மவுஸைச் சொருகியிருக்கும் துவாரத்தையாவது மாற்றிப் பாருங்கள். கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துப் போடவும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று: அம்பு அசையாமல் நின்று, பிறகு ஒரேயடியாகப் பாய்கிறதா? அந்தச் சமயத்தில் ஏதாவது டைப் செய்து பாருங்கள். எழுத்தும் தாமதமாக வந்தால் மவுஸ் மீது பழி இல்லை. கம்ப்யூட்டரே வேலை தாங்காமல் மூச்சு வாங்குகிறது. திறந்து வைத்திருப்பவற்றில் வேண்டாதவற்றை மூடி விடுங்கள்.

அம்பு துள்ளினால்

அம்பு நடுங்குவதற்கும் துள்ளுவதற்கும் அநேகமாக மேஜைதான் காரணம். கண்ணாடி போட்ட மேஜை, பளபளவென்று மெருகேற்றிய பலகை, ஒரே நிறத்தில் மின்னும் பிளாஸ்டிக் விரிப்பு இவையெல்லாம் மவுஸுக்கு மூடுபனி மாதிரி. அடையாளம் வைத்துக்கொள்ள அதற்கு ஒன்றும் அகப்படாது. ஒரு வெள்ளைக் காகிதத்தை அடியில் போட்டுப் பாருங்கள். நமக்கு வழவழப்பாகத் தெரியும் காகிதத்தில் மவுஸின் கண்ணுக்கு ஆயிரம் மேடு பள்ளம் தெரியும். காகிதத்தில் ஒழுங்காக ஓடினால் வியாதி புரிந்து விட்டது. மவுஸ் விரிப்பு ஒன்று வாங்கினால் போதும். அதுவரை பழைய நோட்டுப் புத்தக அட்டையே தாராளம்.

காகிதத்திலும் துள்ளுகிறதா? மவுஸைத் திருப்பி அந்தத் துவாரத்தைப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு பஞ்சு இழை, கொஞ்சம் பவுடர் — இவற்றில் ஏதாவது ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். அது மவுஸோடு கூடவே நகருவதால், காமிராவுக்கு மேஜை ஓடுவதும் தெரிகிறது, முடி ஓடாமல் நிற்பதும் தெரிகிறது. எதை நம்புவது என்று புரியாமல் அம்பு தவிக்கிறது.

நம் வீடுகளுக்கென்றே ஒரு விசேஷக் காரணமும் உண்டு. ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறோம், மவுஸுக்கும் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். ஆனால் சந்தனம் சக்கரத்தின் இடுக்கில் இறங்கிக் காய்ந்து விட்டால், சக்கரம் சரஸ்வதி கடாட்சத்தை மறந்து விடும்! குங்குமத் தூள் அடித் துவாரத்தில் போய் ஒட்டினாலும் கஷ்டந்தான். பொட்டை மவுஸின் முதுகில் வைத்து, மறுநாள் துடைத்து விடுங்கள்.

சுத்தம் செய்யும் முறை இது: முதலில் வயரைப் பிடுங்குங்கள், அல்லது பாட்டரியை எடுங்கள். துவாரத்தைக் கவிழ்த்துப் பிடித்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெதுவாகச் சுற்றித் துடையுங்கள். பிசுக்கு இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஐஸோப்ரோபைல் ஆல்கஹாலில் குச்சியை லேசாக நனைத்துக்கொள்ளலாம். சொட்டக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி சொருகுங்கள். தண்ணீர் தெளிப்பதும் கூடாது. தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுகிற பழக்கத்தில், இறுகிய சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது கூடவே கூடாது. எண்ணெய் தூசியைக் கூட்டிக்கொண்டு வந்து குடி வைத்து விடும்.

இழுத்தால் வராவிட்டால்

சில மவுஸ்கள் துள்ளுவதில்லை, நகரவே மறுக்கும். ஈரத் தரையில் மணையை இழுப்பது போல் கை கனக்கும். இதற்குக் காரணம் அடியிலுள்ள வழவழப்பான சின்னப் பட்டைகள். அவற்றை மவுஸின் பாதங்கள் என்று சொல்லலாம். நல்ல மவுஸ்களில் இவை டெஃப்லானால் ஆனவை. ஆமாம், உங்கள் ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கிற அதே டெஃப்லான்தான்! கை வியர்வையும் மேஜைத் தூசியும் சேர்ந்து பாதங்களைச் சுற்றிக் கறுப்பாக வரம்பு கட்டியிருக்கும். பல் குத்தும் குச்சியால் சுரண்டி, ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். விரிப்பிலும் அழுக்கு ஏறியிருந்தால் அதையும் துடையுங்கள். தோசைக்கல்லைப் போலவே, இரும்பு நாரால் மட்டும் தேய்க்காதீர்கள்.

வயர் இல்லாத சுட்டி

வயர் இல்லாத மவுஸ் தயங்கித் தயங்கி வந்தால் முதல் சந்தேகம் பாட்டரி மேல்தான். புதிதாக ஒன்று போட்டுப் பாருங்கள். பாட்டரி வைக்கும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால், பாட்டரி கசிந்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் கையால் தொடாமல், எலுமிச்சம்பழச் சாற்றில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஈரமில்லாத குச்சியால் இன்னொரு முறை துடையுங்கள். ஊருக்குப் போகும்போது பாட்டரியைக் கழற்றி வைத்து விட்டுப் போனால் இந்த வம்பே இல்லை.

பாட்டரி புதிது; ஆனாலும் தயக்கம் போகவில்லை. அப்போது கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும் அந்த நகத்தளவு துண்டைக் கவனியுங்கள். மவுஸ் சொல்வதை ரேடியோ போல வாங்கிக்கொள்வது அதுதான். அது பேசும் அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரம். வைஃபையும் ப்ளூடூத்தும் அதே வட்டாரத்தில்தான் பேசுகின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். சந்தைக் கடையில் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழாதது போல, மவுஸின் பேச்சு இந்தக் கூச்சலில் அமுங்கி விடுகிறது. அடுப்பில் பால் சுட வைக்கும் போதெல்லாம் மவுஸ் தடுமாறினால், காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னும் ஒரு காரணம் பலருக்கும் தெரியாது. நீல நிறத் துவாரங்களில், அதாவது யு.எஸ்.பி. 3 என்கிற வேகமான வகையில், ஹார்ட் டிஸ்க் போன்ற சாமானைச் சொருகினால் அதிலிருந்தும் இதே வட்டாரத்தில் இரைச்சல் கிளம்புகிறது. இன்டெல் கம்பெனியே 2012-ல் ஓர் அறிக்கையில் இதை விளக்கியிருக்கிறது. பரிகாரம் சுலபம். மவுஸ் துண்டை ஹார்ட் டிஸ்க்குக்கு அடுத்த துவாரத்தில் வைக்காமல் எதிர்ப் பக்கத்தில் வையுங்கள். அல்லது ஒரு நீட்டிப்பு வயர் வாங்கி, துண்டை மவுஸுக்கு அருகிலேயே கொண்டு வந்து விடுங்கள். ஒரு முழம் தள்ளி வைத்தாலே குணம் தெரியும்.

வயர் உள்ள மவுஸானால், மவுஸின் கழுத்தில் வயர் சேரும் இடத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது உயிர் வருவதும் போவதுமாக இருந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. வயரை மவுஸின் மேலேயே இறுக்கிச் சுற்றி வைக்கிற வழக்கந்தான் இதற்கு முக்கியக் காரணம்.

லாப்டாப் உபயோகிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சார்ஜரைச் சொருகினால் மட்டும் தொடு பலகை பித்துப் பிடித்தது போல் ஆடுகிறதா? சார்ஜரை எடுத்து விட்டுப் பாருங்கள். அடங்கி விட்டால், சார்ஜரிலோ அல்லது அந்த ஸாக்கெட்டின் எர்த்திலோ குறை இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இது மவுஸ் விஷயம் மட்டுமல்ல, வீட்டின் பத்திர விஷயம்.

ஒன்று இரண்டாகும் மாயம்

இனி நம் சகோதரியின் கதைக்கு வருவோம். ஒரு தட்டு இரண்டாவது ஏன்?

மவுஸின் பொத்தானுக்கு அடியில் பொட்டளவு ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று வில் போல வளைந்திருக்கும். அழுத்தினால் 'டிக்' என்று தாவிப் போய்த் தொடும். தொடுகிற வேகத்தில் பந்து போலச் சில தடவை எம்பி எம்பித்தான் உட்காரும். புது மவுஸிலும் இது உண்டு. கண் இமைப்பதற்குள் நடக்கிற இந்தக் குதிப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மவுஸுக்குள் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் லட்சக் கணக்கான தட்டுகளுக்குப் பிறகு தகடு களைத்து விடுகிறது. தொடும் முனை தேய்ந்து கறுத்துப் போகிறது. அப்போது குதிப்பு நீண்டு போய், 'இது இரண்டாவது தட்டு' என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்கிறது. பாவம், நீங்கள் தட்டியதென்னவோ ஒரு தரந்தான்!

ஃபோல்டர் காணாமல் போனதற்கும் இதே ஸ்விட்ச் காரணமாக இருக்கலாம். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு எதையாவது இழுக்கும்போது, தேய்ந்த முனை ஒரு கணம் தொடர்பு விட்டுப் போகும். 'கையை எடுத்து விட்டார்' என்று நினைத்து, இழுத்து வந்ததைக் கம்ப்யூட்டர் அந்த இடத்திலேயே போட்டு விடும். வழியில் இருந்த வேறொரு ஃபோல்டருக்குள் அது விழுந்து விட்டால், நம் கண்ணுக்கு மாயமாய் மறைந்தது போலத்தான். ஆகவே சகோதரி பதற வேண்டாம். அக்கம் பக்கத்து ஃபோல்டர்களைத் திறந்து பாருங்கள்; தேடும் கட்டத்தில் அதன் பெயரைப் போட்டும் தேடுங்கள். இனி அப்படி நேர்ந்தால், வேறு எதையும் தொடாமல் உடனே கண்ட்ரோல், இஸட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். போனது வந்த வழியே திரும்பி வரும்.

சரி, குற்றம் கையிலா, பொத்தானிலா? இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு ஃபோல்டரின் மேல் அம்பை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணி ஒரு தட்டு. மறுபடி எண்ணி ஒரு தட்டு. இப்படிப் பத்துத் தரம் தட்டுங்கள். விண்டோஸ் வழக்கமாக அரை விநாடிக்குள் வரும் இரண்டு தட்டுகளைத்தான் ஜோடி என்று சேர்க்கும். ஆகையால் நிதானமாகத் தட்டினால் ஃபோல்டர் திறக்கவே கூடாது. சில தரம் மட்டும் திறந்தால் பொத்தான் பொய் சொல்கிறது. ஒவ்வொரு தரமும் தவறாமல் திறந்தால், ஒரே தட்டில் திறக்கும்படி யாரோ அமைத்து வைத்திருக்கிறார்கள்.

இன்னும் நிச்சயம் வேண்டுமா? செட்டிங்ஸில் மவுஸ் என்ற பகுதியில், பிரைமரி பட்டன் என்பதை லெஃப்டிலிருந்து ரைட்டுக்கு மாற்றுங்கள். இப்போது வலது பொத்தான்தான் தட்டும் பொத்தான். அதே பத்துத் தட்டு. வலது பொத்தான் ஒழுங்காக இருந்தால், கை குற்றமற்றது. இடது பொத்தானின் ஸ்விட்ச்தான் தேய்ந்திருக்கிறது. புது மவுஸ் வாங்கும் வரை இப்படியே வலது பொத்தானால் காரியத்தை நடத்தலாம்.

வாங்குவதற்கு முன் பழைய பில்லைத் தேடிப் பாருங்கள். உத்தரவாதக் காலம் முடியாமல் இருந்தால் மாற்றித் தருவார்கள். நீங்களே திருகாணியைக் கழற்றி விட்டால் தர மாட்டார்கள்! விலை உயர்ந்த மவுஸானால் ரிப்பேர் கடையில் ஸ்விட்சை மட்டும் மாற்றலாம். சில நூறு ரூபாய் மவுஸுக்கு அந்தச் செலவு கட்டாது. பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்து விடுங்கள்.

வேறு மவுஸிலும் தட்டு பிசகுகிறது, காப்பி டம்ளரைப் பிடித்தாலும் கை ஆடுகிறது என்றால், அது வேறு விஷயம். டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டாக்டரிடம் போக வேண்டியது எது, கடைக்குப் போக வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்காமல் ஒருவரை வேலையை விடச் சொல்வது நியாயமா?

நடுவில் நின்று போனால்

அவசர வேலையின் நடுவே மவுஸ் அடியோடு படுத்து விட்டால் செய்தது வீணாகி விடுமே என்று அஞ்ச வேண்டாம். கீழே உள்ளதைக் கத்தரித்துக் கம்ப்யூட்டர் அருகில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோல், எஸ்: செய்தவரை பத்திரமாகச் சேமிக்க.

கண்ட்ரோல், இஸட்: கடைசியாகச் செய்ததை ரத்துச் செய்ய.

டேப்: ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக. என்டர்: தட்டுவதற்குப் பதிலாக.

ஆல்ட், டேப்: திறந்திருக்கும் வேறொன்றுக்கு மாற. ஆல்ட், எஃப் 4: மூட.

இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றும் சேர்த்து: திரையில் ஒரு கேள்வி வரும், என்டர் தட்டிச் சம்மதம் சொன்னால், வலப்பக்க எண் கட்டைகளாலேயே அம்பை நகர்த்தலாம். 5-ஐ அழுத்தினால் ஒரு தட்டு.

கடைசியாக, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இனி அம்மாவோ, மாமியாரோ, மனைவியோ "மவுஸ் சரியில்லை" என்று சொன்னால், "உனக்குத் தெரியவில்லை" என்று பதில் சொல்வதற்கு முன்னால், உங்கள் மவுஸைக் கொண்டு வந்து அவர்கள் கம்ப்யூட்டரில் இரண்டு நிமிஷம் சொருகிப் பாருங்கள்.